கோழியின் குலமும் கோலமும்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே நீண்டு கிடக்கும் லயங்களின் பின்புறத்தை நோக்கினால், அங்கே கோழிகளின் சபையொன்று கூடியிருக்கக் காணலாம். ஒரு தாயின் குஞ்சுகளே கருமை, செம்மை, சாம்பல், புள்ளி, வரி என ஐந்து நிறத்தில் மேயும். கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்ணுக்கு அவை வெறும் பறவைகளல்ல. பிள்ளையின் பாடசாலைச் செலவானாலும், மருந்துச் செலவானாலும், முனியாண்டி கோயில் நேர்த்தியானாலும் முதலிற் கைகொடுப்பது கூடையடியிற் கிடக்கும் கோழியே. ஆதலின் கோழியின் இனம் அறிதல் அவளுக்குப் பொழுதுபோக்கன்று. வீட்டின் வரவு செலவைச் சார்ந்த அறிவாகும்.

நேயர்களே, நிறத்தைக் கண்டு இனத்தைக் கூறுவதே பெரும்பாலோர் வழக்கம். வெள்ளையாயிருந்தால் பண்ணைக் கோழி, சிவந்திருந்தால் ஊர்க்கோழி என்று முடித்துவிடுகின்றனர். இம்முடிவால் ஏமாந்தோர் பலர். இக்காலத்து முட்டைப் பண்ணைகளில் வளர்க்கப்படும் கபில நிறக் கலப்பினக் கோழிகள், முட்டையிடும் வேகம் தளர்ந்ததும் விற்கப்படுகின்றன. அவற்றுட் சில, சந்தைக்கு வரும்போது ஊர்க்கோழி என்னும் பெயரையும், ஊர்க்கோழிக்குரிய விலையையும் பெற்றுவிடுகின்றன. குஞ்சு பொரிக்கவென்று அதனை வாங்கிச் சென்றவள், வைக்கோல் பரப்பி முட்டையும் வைத்துக் காத்திருப்பாள். கோழியோ அடைக்கு உட்காராது. முட்டையின் தொகையொன்றையே கருதித் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தமையால், அடைகாக்கும் இயல்பு அவ்வினத்தில் பெரும்பாலும் அற்றுப் போயிற்று. 21 நாள் பசி பொறுத்துக் கிடந்து, பின்னர்ப் பருந்துக்கும் கீரிக்கும் எதிரே சிறகை விரித்து நிற்கும் தாய்க்குணம் ஊர்க்கோழியின் சொத்து.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? முதலில் அலகைப் பார்த்தல் வேண்டும். பண்ணையில் நெருங்கி வாழும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாதிருக்க, குஞ்சுப் பருவத்திலேயே அலகின் நுனியை வெட்டிவிடுவது பெருவழக்கு. மேலலகு மழுங்கிக் குட்டையாயிருப்பின், அக்கோழி எந்த லயத்திலும் பிறந்ததன்று என்று துணிந்து கூறலாம். அடுத்து, தலையின் சிவந்த கொண்டை பெரிதாகி ஒருபுறம் சாய்ந்திருக்கிறதா என்று நோக்குக. பின்னர்க் காலை நோக்குக. மஞ்சட் காலுடைய கோழி தொடர்ந்து முட்டையிடுங்கால், தீனியிலிருந்து பெறும் மஞ்சட் சாயம் முட்டைக் கருவுக்குச் சென்றுவிட, உடலின் மஞ்சள் படிப்படியாக வெளுக்கும். முதலில் கழிவாய், பின்பு கண்ணிமை, காதுமடல், அலகு, இறுதியாகக் கால் என்பது அதன் வரிசை. கால்வரை வெளுத்த கோழி, மாதக்கணக்காக முட்டையிட்டு ஓய்ந்தது. விற்பவர் வாய் எதனைச் சொன்னாலும் கால் உண்மையைச் சொல்லிவிடும்.

அந்த மஞ்சட் காலுக்கும் ஒரு வரலாறு உண்டு. வீட்டுக்கோழியின் மூதாதை ஆசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி என்பது டார்வின் காலந்தொட்டு வழங்கும் கொள்கை. ஆனால் மஞ்சள் தோலுக்குரிய மரபுக்கூறு அதனிடமிருந்து வந்ததன்று. தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வழியாக வந்திருத்தல் வேண்டுமென 2008-இல் அறிவியலார் காட்டினர். தோட்டத்து மக்களின் முன்னோரும் தென்னிந்தியாவிலிருந்தே வந்தனர் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

தூய இனங்களைக் காண விழைவோர்க்குச் சில அடையாளங்கள் போதும். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தாற் பெயர்பெற்ற லெகோர்ன், தூவெண்மையான மெல்லுடலும் மஞ்சட் காலும் வெண்ணிறக் காதுமடலும் உடையது, முட்டையும் வெண்மை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட், செங்கல்லைப் போல நீண்டு சதுரித்த உடலும், ஆழ்ந்த சிவப்பும், கருவாலும், செம்மடலும் கொண்டது; அதன் முட்டை கபிலம். இங்கிலாந்தின் லைட் சசெக்ஸ் வெண்ணிறத்தது; கழுத்தில் கருங்கோடிட்ட ஆரம் பூண்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் அஸ்திரலோர்ப், பச்சை மினுக்கமுள்ள கருமையுடையது. அவ்வினத்தின் ஆறு பேடுகள் 1922, 1923 ஆம் ஆண்டுகளில் 365 நாளில் 1857 முட்டை இட்டமை உலகையே வியக்க வைத்தது. வெண்மடல் வெள்ளை முட்டை, செம்மடல் கபில முட்டை என்னும் விதி பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்தும். பல இரத்தம் கலந்த ஊர்க்கோழியிடம் அதனை நம்புதல் வேண்டா.

ஒருநாட் குஞ்சு வாங்குவோர்க்கும் ஒரு சொல். கபிலக் கலப்பினத்தில், முட்டையினின்று வெளிவந்த அன்றே பேட்டுக்குஞ்சு கபிலமாகவும் சேவற்குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் தோன்றும். மலிவாகக் கிடைத்ததென்று வெளிர்நிறக் குஞ்சுகளை வாங்கி முட்டைக்குக் காத்திருப்பது வீண்.

ஊர்க்கோழி என்பதோ ஓர் இனமன்று, ஒரு பெருங்குடும்பம். கழுத்தில் இறகற்றது, தலையிற் குடுமியுடையது, இறகு சுருண்டது, நெடுங்காலது என அதில் எல்லாம் உண்டு. அதனை அறியத் தனிக்கோழியைவிடக் கூட்டத்தை நோக்குவதே நன்று. கூடையிலுள்ள பத்தும் ஒரே அச்சில் வார்த்தனபோல் ஒத்திருந்தால் பண்ணையின் கோழிகள். பத்தும் பத்து விதமாயிருந்தால் ஊர்க்கோழிகள்.

தோட்டத்தின் எல்லையில் காடு தொடங்குமிடத்தில் இன்னொரு சேவலும் உலவும். அது இலங்கையில் மட்டுமே வாழும் காட்டுக்கோழி. 1831-இல் பிரெஞ்சு அறிஞர் லெஸ்ஸோன் அதற்கு லஃபயெத் என்னும் பெருமகனின் பெயரைச் சூட்டினார். பொன்னும் நெருப்பும் கலந்த செம்மேனியும், கருநீலம் பாய்ந்த சிறகும் வாலும் அதற்குண்டு. தொலைவிலிருந்து பார்ப்போர் அதனை லயத்துச் சேவல் என்றே மயங்குவர். ஆனால் அதன் சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் பூசியதுபோல் ஒரு திட்டு விளங்கும். அத்திட்டு இல்லையேல் அது எவர் வீட்டுச் சேவலோதான். பொழுது சாய்ந்ததும் தானே கூட்டுக்குத் திரும்பிவிடும்.