பஸ்கா இரவும் பெரிய வியாழனும்



கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகர்வதில்லை. ஈஸ்டரோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. காரணம், அது பௌர்ணமியைப் பார்த்து வருகிற பண்டிகை. அந்தக் கணக்கின் வேர் யூதர்களின் பஸ்காவில் இருக்கிறது.

பஸ்காவின் கதை யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது. கத்தோலிக்க நேயர்கள் விடுதலைப் பயணம் என்று தேட வேண்டும். எகிப்தின் அடிமைகள் புறப்படுகிற இரவு அது. முதல் மாதம் பதினாலாம் தேதி மாலையில் பழுதற்ற ஓர் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் இரத்தத்தை ஈசோப்புக் கொத்தில் தோய்த்து நிலைக்கால்களில் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் சுட்டு, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அவசரமாகச் சாப்பிட வேண்டும். காலில் செருப்பு, கையில் கோல். அதோடு இன்னொரு கட்டளையும் உண்டு: ஆட்டின் எலும்பு ஒன்றையும் முறிக்கக் கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

இன்றைய யூத வீடுகளில் பஸ்கா நெருங்கினால் துப்புரவு வேலை மும்முரமாக நடக்கும். முந்தின இரவு மெழுகுவர்த்தி ஏந்தி மூலைமுடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கு தேடுவார்கள். கிடைத்ததை மறுநாள் காலையில் எரித்துவிடுவார்கள். மட்ஸா என்ற புளிப்பில்லா அப்பத்துக்கு, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடம்தான் கெடு. அதற்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும், தாண்டினால் புளிப்பு ஏறியதாகக் கணக்கு. இரவு விருந்துக்குச் செதேர் என்று பெயர். வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்க, பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்வார்கள். நான்கு கிண்ணம் திராட்சரசம் உண்டு. கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்பார்கள், அடிமைகளின் கண்ணீருக்காக.

தட்டில் சுட்ட எலும்பு ஒன்றும் இருக்கும். அதை யாரும் தின்பதில்லை. கி.பி. 70-இல் ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தது. பலியிட வேண்டிய இடம் போனதால் பலி ஆட்டுக்குட்டியும் போனது, எலும்பு அதன் நினைவாகத் தங்கியது. சமாரியர்கள் மட்டும் கெரிசீம் மலையில் இன்றும் பஸ்கா ஆடு பலியிடுகிறார்கள். அவர்களுக்குப் புனித இடம் எருசலேம் அல்ல, அந்த மலைதான்.

இயேசு தம் கடைசி இரவில் செதேர் விருந்துதான் உண்டார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். செதேரின் ஒழுங்கை நமக்குச் சொல்லும் மிஷ்னா என்ற நூல் தொகுக்கப்பட்டது ஏறக்குறைய கி.பி. 200-இல். இயேசுவின் காலத்தில் ஆலயம் இருந்தது, ஆட்டுக்குட்டியும் இருந்தது. நாளிலேயே கூட நற்செய்திகள் ஒத்துப்போவதில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருக்கும் அது பஸ்கா விருந்து. யோவானின் கணக்குப்படி இயேசு சிலுவையில் மரித்ததே பஸ்காவுக்கு ஆயத்த நாளில், அதாவது ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படும் நாளில். போர்ச்சேவகர்கள் அவருடைய கால்களை முறிக்கவில்லை என்று சொல்லும் யோவான், வேதவாக்கியம் நிறைவேறியது என்கிறார். அந்த எலும்புக் கட்டளை இங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டு கணக்கையும் ஒட்டவைக்க அறிஞர்கள் எத்தனையோ வழி தேடியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒட்டவைக்கவே வேண்டாம். இயேசுவே ஆட்டுக்குட்டி என்பதுதான் யோவான் சொல்ல வந்தது.

ஆதித் திருச்சபையும் இந்த நாள் கணக்கில் தடுமாறியது. சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர்கள், எந்தக் கிழமையானாலும் சரி, யூதர்களின் பதினாலாம் தேதியையே கடைப்பிடித்தார்கள். ரோமுக்கு ஞாயிறுதான் முக்கியம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப் ரோமுக்கே போய் ஆயர் அனிசேத்துவிடம் பேசினார். ஒருவரும் மசியவில்லை. ஆனாலும் சமாதானமாகவே பிரிந்தார்கள். பிறகு 325-இல் நைசியா சங்கம், எல்லாருக்கும் ஞாயிறுதான், யூதர்களின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை என்று முடித்தது. அதனால்தான் 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31-இல் வந்துபோக, பஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது. யூதர்களுக்கு அது அதிக மாதம் வரும் ஆண்டு.

நாட்காட்டி பிரிந்ததோடு போயிருந்தால் நல்லது. கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்தை மட்ஸாவில் கலக்கிறார்கள் என்று இடைக்கால ஐரோப்பாவில் பழி கிளம்பியது. விலங்கின் இரத்தத்தைக்கூட உண்ணக் கூடாது என்று தங்கள் வேதமான தோரா தடுத்திருக்கும் மக்கள்மேல் சொன்ன பழி இது! 1475-இல் இத்தாலியின் திரெந்து நகரில் இந்தப் பழியால் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1903-இல் கிஷினேவ் நகரில் யூதர்கள்மேல் வன்முறை வெடித்தது ஈஸ்டர் நாளில். யூதர்கள் அனைவர்மேலும் இயேசுவின் மரணத்துக்குப் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல்தான்.

நமக்குப் பக்கத்திலேயே கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் இரவு பெசகா அப்பம் உண்டு. அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் அவித்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்க, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பாலில் தொட்டுத் தின்பார்கள். நம் கத்தோலிக்கக் கோயில்களின் பாஸ்கா திருவிழிப்பிலும் செங்கடலைக் கடந்ததைச் சொல்லும் வாசகத்தை விட்டுவிட அனுமதி கிடையாது.

சில சபைகள் இப்போது தாங்களே செதேர் நடத்தி, அதில் வைக்கும் மூன்று மட்ஸாவுக்குத் திரித்துவ விளக்கம் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. அது யூதர்கள் ஆலயத்தை இழந்து கட்டிக்காத்த வழிபாடு. அவர்கள் அழைத்தால் விருந்தினராகப் போய் உட்காரலாம், அதுதான் மரியாதை. நமக்கென்று வேதம் இருக்கிறது. வருகிற பெரிய வியாழனன்று யாத்திராகமம் 12-ஐயும் யோவான் 19-ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.