விழுந்த வீரனை எவ்வாறு மதிப்பிடுவது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சைவ வாலிபர் கூடும் மண்டபத்தில் குத்துச்சண்டையைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். 1897ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்ற சுவாமி விவேகானந்தர் இளைஞருக்கு உடற்பலத்தை எவ்வளவு வற்புறுத்தினார் என்பதை நமக்குச் சொல்லித் தந்தவர்களே அப் பெரியோர்தாம். ஆகவே அனுமதி கிடைத்துவிட்டதென்றே கொள்கிறோம்.

அதிபாரப் பிரிவிலே தோல்வியே காணாமல் ஏறிவந்த ஓர் இளைஞன் ஒருநாள் தோற்றுவிடுகிறான். நேற்றுவரை அவனை வருங்கால உலக சம்பியன் என்று புகழ்ந்த அதே வாய்கள், அவனிடம் ஒன்றுமில்லை என்று மறுநாளே சொல்லிவிடுகின்றன. இவ்விரண்டு தீர்ப்பும் அவசரத் தீர்ப்புகளே. தொடக்கக் காலப் போட்டிகளுக்கு எதிராளிகளைத் தெரிந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் அவ்வீரனுடைய முகாமையாளர்களே. எனவே அவன் அடுக்கிய வெற்றிகள் அவனைப் பற்றிச் சொல்வது சொற்பம். முதல் தோல்விதான் அவனைப் பற்றிய முதல் உண்மையான செய்தி. அச்செய்தியை முழுவதும் வாசிக்கவேண்டும். தலைப்பை மாத்திரம் வாசித்துவிட்டுப் போகலாகாது.

பழைய உதாரணம் ஒன்று யாவரும் அறிந்ததே. 1936ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி, நியூயோர்க் நகரில், 22 வயதான ஜோ லூயிஸை ஜேர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். லூயிஸின் போட்டிகளைத் திரைப்படத்திற் பார்த்த ஷ்மெலிங், அவர் இடக்கையால் நேர்க்குத்து விட்டபின் அந்தக் கையைத் தாழ்த்துகிறார் என்பதைக் கண்டுகொண்டார். தாழ்ந்த கைக்கு மேலாக வலக்கைக் குத்து வந்துகொண்டே இருந்தது. இது திருத்தக்கூடிய குற்றம். கால் தளர்ச்சியோ, தாடையின் பலவீனமோ அன்று. இரண்டு மாதத்துக்குள் லூயிஸ் மீண்டும் மேடையேறி, முன்னாள் சம்பியன் ஜாக் ஷார்க்கியை வென்றார். அடுத்த ஆண்டு உலக சம்பியனானார். 1938இல் ஷ்மெலிங்கை மறுபடி சந்தித்தபோது 124 விநாடியில் கதை முடிந்தது. பட்டத்தை 25 தடவை காத்துக்கொண்டார்.

இது தெளிவான வழக்கு. நம்மைச் சிந்திக்க வைப்பது இன்னொன்று: இங்கிலாந்து வீரர் டானியேல் டுபுவாவின் வழக்கு.

2020ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி, கொரோனா நோயின் காரணமாகப் பார்வையாளரே இல்லாத லண்டன் மண்டபமொன்றில் அவர் ஜோ ஜோய்ஸைச் சந்தித்தார். டுபுவாவுக்கு வயது 23. பதினைந்து போட்டிகளில் பதினைந்து வெற்றி, அவற்றுட் பதினான்கு நொக்கவுட். ஜோய்ஸ் 35 வயதினர். 2016 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ஜோய்ஸின் இடக்கை நேர்க்குத்து ஒரே கண்ணில் மீண்டும் மீண்டும் விழுந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. பத்தாம் சுற்றில் மேலும் ஒரு குத்து விழவும் டுபுவா தாமாகவே ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்தார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை.

முன்னாள் வீரர்கள் சிலர் அவர் கைவிட்டுவிட்டார் என்று பகிரங்கமாகவே பேசினர். கண்குழி எலும்பு உடைந்திருந்தது என்று பின்னர் வைத்தியர்கள் கண்டனர். சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு மற்றவனுடைய கண்ணைத் தானம் செய்வது எவருக்கும் இலகு. 23 வயதில் ஒற்றைக் கண்ணோடு வீடு திரும்பியிருந்தால் இவர்கள் என்ன கொடுத்திருப்பார்கள்? அன்று முழங்காலூன்றியதை நாம் கோழைத்தனமென்று சொல்லமாட்டோம்.

ஆனாற் கேள்வி அதனோடு தீரவில்லை. எலும்பு உடைந்ததனால் அமர்ந்தாரா, வேதனை வந்தால் அமரும் சுபாவமுள்ளவரா? ஒரு போட்டியைக் கொண்டு இதற்கு விடை கூற முடியாது. 2022 டிசம்பரில் கெவின் லெரெனா முதற் சுற்றிலேயே அவரை மூன்று தடவை கீழே தள்ளினார். முழங்காலிலும் காயம். அவர் மூன்று தடவையும் எழுந்து, மூன்றாம் சுற்றில் வென்றார். அப்படியானால் நெஞ்சுரம் உண்டு என்று நாம் எழுதத் தொடங்கும்போதே, 2023 ஓகஸ்டில் போலந்தில் உசிக்கின் நேர்க்குத்தொன்றில் ஒன்பதாம் சுற்றில் மறுபடி தரையில் இருந்து எண்ணிக்கை முடியவிட்டார். பழைய குற்றச்சாட்டும் உயிர்பெற்றது.

அதன் பின்புதான் நமக்கு உண்மையான சாட்சி கிடைக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில், முந்நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட ஜறெல் மில்லரைப் பத்தாம் சுற்றின் இறுதி விநாடிகளில் நிறுத்தினார். களைப்பிலும் கைவிடாதவர் என்பது அன்று தெரிந்தது. 2024 யூனில், அதுவரை தோல்வியறியாத பிலிப் ஹர்கோவிச்சின் கடுங்குத்துகளை ஏற்றுக்கொண்டே முன்னேறி எட்டாம் சுற்றில் வென்றார். செப்டெம்பரில் வெம்பிளி மைதானத்தில், தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில், அந்தனி ஜோசுவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். 2020இல் அவரைத் தள்ளிவைத்தவர்களின் கணக்கு அன்றிரவு பொய்த்தது.

ஆயினும் புகழ்ந்தவர்களின் கணக்கும் முற்றாகச் சரியன்று. 2025 யூலை 19ஆந் திகதி அதே வெம்பிளியில் 38 வயதான உசிக் அவரை ஐந்தாம் சுற்றிலேயே வீழ்த்திவிட்டார். நம் அபிப்பிராயம் இது: நெஞ்சுரத்தைப் பற்றிய வழக்கு தீர்ந்துவிட்டது, அது டுபுவாவின் பக்கம். தீராதது வேறொன்று. ஜோய்ஸின் குத்துகள் எந்தப் பாதையில் வந்து விழுந்தனவோ, அதே நேர்கோட்டில் அவர் தலையை அசையாது வைத்திருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நேராக வந்து மோதுவோரை அவர் வெல்லுவார். விலகி நின்று கோணம் மாற்றிக் குத்தும் உசிக் போன்றவரிடம் அந்தத் தலை எளிய இலக்கு. லூயிஸ் தாழ்ந்த கையை இரண்டாண்டுக்குள் உயர்த்திக்கொண்டார். டுபுவாவுக்கு அந்தத் தோல்வியின்போது வயது 27.