செல்லுக்குள் ஒரு சர்வே



சர்வே வகுப்பில் ஆண்டாள் கோயில் கோபுரத்தைத் தியோடலைட்டில் பார்த்தது ஞாபகம் இருக்கா? கிட்டே போகாமலே, முக்கோணம் போட்டு அதன் இடத்தைக் குறித்தோம். செல்லுக்குள்ளும் இப்படியொரு சர்வே நடந்திருக்கிறது.

செல்லில் புரதம் தயாராகும் ஆலை ரைபோசோம். பாக்டீரியாவில் அதன் சிறிய பாதியில் மட்டும் 21 புரதங்கள். எது எதன் பக்கத்தில் இருக்கிறது? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மூர் குழு இரண்டிரண்டு புரதமாக அடையாளமிட்டு, நியூட்ரான் கதிரால் இடைத்தூரம் அளந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் அதில் உழைத்தார். 1987-ல் 21 இடங்களும் வரைபடத்தில் ஏறின. 2000-ல் வெங்கியின் குழு அந்தப் பாதியை அணு அணுவாகவே காட்டியது. 2009-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் ரைபோசோமில் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்தது. சுமார் 80 புரதங்கள் கொண்ட மனித ரைபோசோமின் அமைப்பு வேறு. அந்த வித்தியாசம்தான் நம்மைக் காக்கிறது. புது மருந்து தேடுவோருக்கும் அதுவே வழிகாட்டி.

தம்பிகளே, ஃபீல்டு புக்கில் ஒரு ரீடிங்கைக்கூட இட்டுக்கட்டி எழுதாதீங்க. ஒரு தூரம் தப்பினால் வரைபடமே கோணிவிடும்.