புகார் எண் இல்லாத குறை யாருக்கும் போய்ச் சேராது

(நமது டிரஸ்ட்டின் மாதாந்திரக் குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)





பாதையில் மக்களுக்குத் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். மதரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கல்லோ முள்ளோ கிடந்தால் நாமே எடுத்துப் போட்டு விடலாம். எரியாத தெருவிளக்கையும், மூடி உடைந்த மேன்ஹோலையும், பொங்கி வழியும் சாக்கடையையும் நம் கையால் சரிசெய்ய முடியாது. அதற்குப் பொறுப்பானவர்களிடம் தகவலைச் சேர்ப்பதுதான் நம் கைக்கு எட்டிய வேலை.

அதை நாம் எப்படிச் செய்கிறோம்? ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று பேசுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். வழியில் கவுன்சிலரைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்கிறோம். பிறகு, "நம்ம ஏரியான்னா இப்படித்தான், நம்மள யாரு கேக்குறா" என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்பு நியாயமானதாகவே இருக்கட்டும். என்றைக்குப் புகார் கொடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள், எத்தனை தீர்ந்தது என்று ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? எழுத்தில் இல்லாத குறையை எந்த அலுவலகமும் எண்ணிக்கையில் சேர்க்காது.

சென்னையில் இருக்கும் நமக்கு இதற்கு எளிய வழி இருக்கிறது. மாநகராட்சியின் 'நம்ம சென்னை' செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். குப்பை, தெருவிளக்கு, சாலைப் பள்ளம், மழைநீர்த் தேக்கம், கொசுத் தொல்லை போன்றவற்றை அதில் படத்துடன் பதியலாம். பிரச்சினை உள்ள இடத்திலேயே நின்று படம் எடுங்கள். தெருப் பெயர், அருகிலுள்ள கதவு எண், பக்கத்தில் பள்ளிவாசலோ கடையோ இருந்தால் அதன் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். விளக்கு என்றால் கம்பத்தில் உள்ள எண்ணையும் சேருங்கள். பதிந்ததும் வரும் புகார் எண்தான் முக்கியம். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் அது இயங்குகிறது. அங்கும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

எந்த வேலை எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் நிற்பது மழைத் தண்ணீர் என்றால் அது மாநகராட்சியின் வேலை. பாதாளச் சாக்கடை பொங்கினாலும், குழாய்த் தண்ணீரில் நாற்றம் அடித்தாலும் அது குடிநீர் வாரியத்தின் வேலை. அதற்கு 1916, அல்லது 044 4567 4567. தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி. மின்கம்பி தாழ்ந்து தொங்கினாலோ, மின்பெட்டி திறந்து கிடந்தாலோ மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. கம்பி விஷயத்தில் படம் எடுக்கக்கூட அருகில் போக வேண்டாம். முதலில் போன் செய்யுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்கடை அடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு யாராவது ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கையில் காசு கொடுத்து மேன்ஹோலில் இறக்கிவிடும் வழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு சில நொடிகளில் ஆளைக் கொன்றுவிடும். நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை உயிரை விடலாமா? அல்லாஹ்விடம் அதற்கு என்ன பதில் சொல்வோம்? எத்தனை அவசரமானாலும் 1916க்குச் சொல்லுங்கள், இயந்திரம் வரட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பகல் முழுதும் தெருவைப் பார்ப்பவர்கள் நீங்கள்தான். குப்பை வண்டி வராத நாளும் தண்ணீர் கலங்கி வரும் நேரமும் உங்களுக்குத்தான் தெரியும். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, தேங்கிய நல்ல தண்ணீரில் வளர்வது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அத்தா வேலையிலிருந்து வரட்டும், அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒத்திப்போட்டால் அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். நீங்களே பதியுங்கள். மொட்டை மாடித் தொட்டியையும் பூந்தொட்டித் தட்டையும் சுத்தம் செய்வது மட்டும் நம் வேலை. அதற்கு யாரும் வர மாட்டார்கள்.

வேலை நடக்காமலே புகார் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தால் என்ன செய்வது? கோபப்பட்டு விட்டுவிடாதீர்கள். அன்றைய தேதியில் மீண்டும் ஒரு படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், இந்த எண்ணுள்ள புகாரின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 2022 முதல் நடக்கும் ஏரியா சபைக் கூட்டங்களில் எழுந்து நின்று பேசலாம். இத்தனைக்கும் தேவை அந்தப் புகார் எண். பத்து எண்களைத் தேதியோடு வாசிப்பவரை யாரும் எளிதில் உட்கார வைத்துவிட முடியாது.

மாநகராட்சி அறிவிப்புகளையும் கவனியுங்கள். காய்ச்சல் முகாம், மழை எச்சரிக்கை, வரி கட்டும் தேதி எல்லாம் அவர்களுடைய அதிகாரபூர்வப் பக்கங்களில் வருகின்றன. ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் 30 நாட்களுக்குள் அந்த அரையாண்டுச் சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. செய்தி தெரியாததால் இதைத் தவற விடுபவர்கள் நம்மில் பலர். அதே நேரத்தில், வந்த செய்தியை விசாரித்து அறியாமல் பரப்பக் கூடாது என்பது மார்க்கம் சொல்லும் ஒழுக்கம். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டுச் செயலியை இறக்காதீர்கள். பிளே ஸ்டோரில் மாநகராட்சியின் பெயரைப் பார்த்து இறக்குங்கள். போனில் பேசி ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.

புகாரும் ஓர் அமானிதம். பக்கத்து வீட்டுச் சண்டைக்கு அதைக் கருவியாக்க வேண்டாம். படத்தில் வழியே போகும் பெண்களோ குழந்தைகளோ விழாமல் பாருங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வேலைக்கு வரும் தூய்மைப் பணியாளர்களிடம் குரலை உயர்த்தாதீர்கள். தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல. ஒரு செம்பு தண்ணீரும் ஒரு கப் டீயும் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் இரண்டு வாலிபர்கள் இருப்பார்கள். செயலியை இறக்கித் தந்து முதல் புகாரைப் பதியவும் சொல்லித் தருவார்கள். மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். உங்கள் புகார் எண், தேதி, தெரு, தீர்ந்ததா இல்லையா என்று அதில் எழுதி வையுங்கள். அடுத்த ஏரியா சபைக்குப் போகும்போது அந்தப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம், இன்ஷா அல்லாஹ்.

நம் தெருவில் நடக்கும் முஸ்லிமும் இந்துவும் கிறிஸ்தவரும் இதனால் பயனடைவார்கள். அந்த நன்மையை அல்லாஹ் நம் அனைவருக்கும் எழுதுவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.