பந்தல்காரருக்கு நகையில் பங்கா?



செல்போன் காப்புரிமைக் கட்டணம் அறிவுக்குக் கூலியா, வாங்குபவருக்குச் சுமையா? சுமையே என்று பேச வந்திருக்கிறேன். 'அப்போ கண்டுபிடிச்சவன் பட்டினி கிடக்கணுமா?' என்று எதிரணி நண்பர் கேட்டார். வேண்டாங்க! கூலி கொடுக்கணும், முழுசாக் கொடுக்கணும். எதை அளந்து கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் கூலி கேட்கிறார். எத்தனை கால் நட்டார், எத்தனை கீற்று வேய்ந்தார் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம். அவர் மணமேடைக்கு வந்து, 'பொண்ணு கழுத்துல எத்தனை பவுன்? அதுல எனக்கு நூத்துக்கு மூணேகால்' என்றால்? (சிரிப்பு, கைத்தட்டல்)

கதை இல்லை ஐயா! அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் 5ஜி போன்களுக்கு 2017இல் அறிவித்த விகிதம் 3.25 சதவீதம். சிப்புக்கு அல்ல, முழு போன் விலைக்கு! கணக்கில் எடுக்கும் விலைக்கு 400 டாலர் உச்சவரம்பு உண்டு. அப்படியும் 13 டாலர் வருகிறது. நல்ல கேமரா வைத்தாலும், நினைவகத்தைக் கூட்டினாலும், அந்த வரம்பு வரைக்கும் இவருக்குப் பங்கு. 2017இல் ஆப்பிள் வழக்குப் போட்டபோது சொன்ன குறையும் இதுதான்.

'பிடிக்கலைன்னா வேற ஆளை வச்சுப் பந்தல் போடு' என்பீர்கள். முடியாதே! உலகத்துப் போன்கள் ஒன்றோடொன்று பேச, எல்லோரும் ஒரே தொழில்நுட்ப விதிப்படி செய்தாக வேண்டும். அந்த விதிக்குள் ஒருவர் காப்புரிமை இருந்தால் அவரை விட்டு விலக வழியில்லை. அதனால்தான் நியாயமாக, பாரபட்சமின்றி உரிமம் தருவதாக அவரிடம் முன்பே வாக்கு வாங்குகிறார்கள்.

'சதவீதம் என்றால் ஏழை வாங்கும் போனுக்குக் கட்டணம் குறையுமே' என்றார் நண்பர். நல்ல வாதம். அதற்குச் சதவீதம்தான் வேண்டுமா? எரிக்சன் 2017இல் உயர்ரக 5ஜி போனுக்கு 5 டாலர் என்றது; மலிவு போனுக்கு இரண்டரை டாலர் வரை இறங்கி வருவோம் என்றது. நோக்கியா 2018இல், போன் என்ன விலையானாலும் 3 யூரோவுக்கு மேல் இல்லை என்றது. அவர்களும் ஆராய்ச்சி செய்தவர்கள்தானே?

குவால்காமை 1985இல் தொடங்கியவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ விட்டர்பி. இரைச்சலில் சிதைந்த செய்தியைச் சரியாக மீட்கும் கணக்குமுறையை 1967இல் தந்தவர். அதற்கு அவர் காப்புரிமையே வாங்கவில்லை! செல்போன் உலகம் அதை எடுத்து ஆண்டது. (கைத்தட்டல்) எல்லோரும் சும்மா கொடுங்கள் என்று கேட்கவில்லை. அளந்து கேளுங்கள் என்கிறேன்.

ஆப்பிள் வழக்கு 2019இல் சமரசமானது. பணம் கொடுத்தது ஆப்பிள். அமெரிக்க அரசு அமைப்பு தொடுத்த வழக்கில் குவால்காம் 2019இல் தோற்றது. 2020இல் மேல்முறையீட்டில் வென்றது. சட்டம் அவர்களுக்கு வழிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் அனுமதித்ததெல்லாம் நியாயமாகிவிடுமா? கம்பெனிக்குக் கம்பெனி வழக்காடலாம். கடைசியில் அந்தக் கட்டணம் வந்து உட்காருவது கடையில் நீங்களும் நானும் கொடுக்கிற விலையில்!

பந்தலுக்குக் கூலி பந்தலைப் பார்த்துத்தான். நகையைப் பார்த்துக் கேட்டால் அது சுமையே, சுமையே என்று கூறி அமர்கிறேன்.