எரிந்த லயத்துச் சீட்டை மறுபடி ஏற்ற வேண்டாம்



லயத்தில் தீப்பிடித்தால் எரிந்துபோன அரிசி, உடுப்பு, பிள்ளைகளின் புத்தகம் பற்றிப் பேசுகிறோம். கூரையைப் பற்றிப் பேசுவதில்லை. மிஞ்சிய அஸ்பெஸ்டஸ் சீட்டைக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு, அதையே போடுங்க" என்கிறார்கள். மழைக்குப் பயந்து ஆட்களும் போட்டுவிடுகிறார்கள்.

சீட்டு எரியாது, உண்மைதான். ஆனால் எரியாதது வேறு, பலம் குறையாதது வேறு. சீட்டில் பெரும்பகுதி சீமெந்து. நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சீமெந்து தண்ணீரைத் தனக்குள் பிடித்துக்கொண்டுதான் இறுகுகிறது. சூடு 100 பாகையைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். வெளியே போக வழியில்லாத ஆவி சீட்டைப் பிளக்கும். லயம் எரியும்போது படார் படார் என்று கேட்பது அதுதான். துண்டுகள் பறந்து வரும், கிட்டப் போகாதீர்கள்.

400, 500 பாகையில் சீமெந்துக்குள் இருக்கும் சுண்ணாம்பும் நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தாளிக்கும்போது கல் பொங்கி உதிருமே, அதே வேலை பிறகு மழையிலும் பனியிலும் சீட்டுக்குள் நடக்கும். தீயன்று முழுசாக நின்ற சீட்டு பின்னால் வெடிப்பு விடுவது இதனால்தான். 600 பாகைக்கு மேலே அஸ்பெஸ்டஸ் நாரும் பலம் இழந்து நொறுங்கும். அறைக்குள் நன்றாகப் பற்றிய தீ அந்தச் சூட்டை எட்டிவிடும்.

அஸ்பெஸ்டஸ் இல்லாத சீட்டு என்றால் பயமில்லையா? நெஞ்சுக்கு அது நல்லது. தீக்கு அல்ல. அதில் இருப்பது செயற்கை நூலும் மரக்கூழும். 300 பாகைக்குள்ளேயே நூல் உருகும், கூழ் கருகும்.

அதனால் கண்ணால் பார்த்து நல்ல சீட்டு, கெட்ட சீட்டு என்று பிரிக்க முடியாது. நல்ல நாளிலேயே ஆள் பாரம் தாங்காத கூரை அது. தீப்பட்ட சீட்டின் மேல் யாரையும் ஏற விடாதீர்கள்.

உடைந்த துண்டுகளைச் சுத்தியலால் நொறுக்க வேண்டாம், காய்ந்தபடி கூட்டவும் வேண்டாம். அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும். தண்ணீர் தெளித்து நனைத்தபின், முகக்கவசம் போட்ட ஆட்களைக் கொண்டு அகற்றுவது நிர்வாகத்தின் வேலை. பெண்களையும் பிள்ளைகளையும் அதற்கு அனுப்பாதீர்கள். கோழிக்கூட்டுக்கென்றும் எடுத்துப் போகாதீர்கள்.

லயத்தில் கூரை ஒன்றோடொன்று தொடர்வதால் சூடு பக்கத்து அறைக்கும் போயிருக்கும். ஆகவே நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில், எரிந்த அறைக்கும் சூடு பட்ட பக்கத்து அறைகளுக்கும் புதிய சீட்டு வேண்டும் என்று அறை இலக்கத்தோடு கேளுங்கள். "கூரை திருத்தம்" என்று மட்டும் எழுதினால் பழைய சீட்டுத்தான் திரும்பி வரும்.