மேன்முறையீட்டு நீதியரசரின் நடுநிலை
(மண்டைதீவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எல்லைக் கதியால் ஒரு முழம் நகர்ந்துவிட்டதென்று வழக்கெழுந்தால், அதைத் தீர்க்க எதிராளியின் மைத்துனரை நாம் அழைப்பதில்லை. அவர் நேர்மையானவராயிருக்கலாம், ஆயினும் தோற்றவன் அத்தீர்ப்பை ஏற்கமாட்டான். உயிரையும் விடுதலையையும் பற்றிய குற்றவழக்கிற்கு இதனிற் குறைந்த அளவுகோல் போதுமா?

1962 ஜனவரியில் அரசைக் கவிழ்க்கச் சதிசெய்தனரென்று படை அதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் உட்பட 24 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்கெனவே புதுச்சட்டம் பிறந்தது. யூரர் இல்லை, விசாரிக்கும் மூன்று நீதியரசரையும் நீதியமைச்சரே தெரிந்தார். அம்மூவரும் செய்ததென்ன? அமைச்சர் தெரிந்த ஆயம் நடுநிலையானதென்று மக்கள் கண்ணுக்குத் தோன்றாது என்றுரைத்து, விசாரிக்க மறுத்தனர். தம் நேர்மையில் அவர்களுக்கு ஐயமில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அடுத்து அமைந்த ஆயமும் கலைந்தது. அதிலொருவர் முன்பு சட்டமா அதிபர் பதவியிலிருந்தபோது அதே வழக்கின் புலனாய்வுக்கு உதவியவர். மூன்றாம் ஆயமே 324 நாட்கள் அமர்ந்து 11 பேரைக் குற்றவாளிகளெனக் கண்டது. அத்தீர்ப்பையும் 1965 டிசம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தள்ளிற்று. குறித்த சிலரைத் தண்டிக்கவென்றே சட்டமியற்றுவது நீதித்துறையின் அதிகாரத்திற் கைவைப்பதாகும் என்றனர். அந்த அதிகாரிகளிடம் நமக்குத் தனிப்பரிவு எதுவுமில்லை. முறையையே பேசுகிறோம்.

இன்று பிரிவிக் கவுன்சில் நமக்கில்லை. குற்ற மேன்முறையீடுகளில் அரசுத் தரப்பில் நிற்பவர் சட்டமா அதிபர். மேனிலை நீதிமன்றங்களின் நீதியரசர் பலரும் அவர் திணைக்களத்திலிருந்தே வருகின்றனர். அது குற்றமன்று. திறமையாளர் பலர் அவ்வழி வந்துள்ளனர். ஆனால் ஒரு வழக்கேட்டில் முன்பு கைவைத்தவர், எவரும் கேட்குமுன் தாமே எழுந்து விலகவேண்டும். நாமாயின் சட்டத்தரணியின் வாயினால் அதைக் கேட்கவைப்பதே இழுக்கு என்போம்.

புங்குடுதீவு மாணவி 2015இல் கொல்லப்பட்ட வழக்கில், 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத் தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. “அவர்களுக்கு மேன்முறையீடு எதற்கு?” என்று இத்தீவுகளில் நம்மிடம் கேட்டோர் பலர். கேட்டவர்களின் நெஞ்செரிவை அறிவோம். ஆயினும், அவர்கள் முறையீட்டையும் முன்முடிவின்றிக் கேட்கும் நீதியரசரையே நாம் வேண்டுகிறோம். அத்தகையோரிடமிருந்துதான் மிருசுவிலுக்கும் நீதி கிடைத்தது. 2000 டிசம்பரில் அங்கே ஐந்து வயதுக் குழந்தை உட்பட எண்மரைக் கொன்ற இராணுவத்தினனின் மரணதண்டனையை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் ஒருமனதாக உறுதிசெய்தது.

2020 மார்ச்சில் அவனை விடுவித்தது நீதிமன்றமன்று, ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு. நீதியரசர் ஐவர் எழுதியதை ஒருவரது கையொப்பம் அழித்தது. 1990இல் இதே மண்டைதீவிற் காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் சிலர் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய வழக்குகளோ, இன்னும் முதல் நீதிமன்றத்தின் தீர்ப்பையே காணவில்லை.